கேக்குக்கு ஏசி டிக்கெட்

மெதுவா, மெதுவா! அந்தப் பெட்டி மேல் கையை வைச்சிடாதீங்க. உங்க சீட்டுதான், தெரியும். திருச்சியிலிருந்து மதுரை வரைக்கும் காலியாக இருந்தது, அதனால் வைச்சேன். இதோ எடுத்துடறேன், மடியில் வைச்சுக்கறேன். உட்காருங்க. உங்க பையை மேலே ஏத்தும்போது மட்டும் கொஞ்சம் பார்த்து. அது இந்தப் பெட்டி மேல் விழுந்தால் உங்களை ஒண்ணும் செய்ய மாட்டேன், ஆனால் திருநெல்வேலி வரைக்கும் பேசிக்கொண்டே வருவேன்.

கேக். கல்யாண கேக். கடையில் வாங்கினது இல்லை, நானே செய்தது. நாளைக்கு என் பொண்ணு ஷெரினுக்குத் திருநெல்வேலியில் ரிசப்ஷன். எங்க வீட்டுக்காரரும் இதே ரயிலில்தான் வர்றார், பின்னால் செகண்ட் சிட்டிங்கில். ஏசியில் ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைச்சது. "கேக்தான் உருகும், நான் உருக மாட்டேன். நீ அதோட போ"ன்னுட்டார். நல்ல மனுஷன்தான். என்ன, ஒரு வேலை சொன்னால் ரெண்டு தடவை கேள்வி கேட்பார். வழியில் பசிக்கும் என்று அவருக்கு ஒரு சில்வர் டப்பாவில் சின்ன கேக் ஒண்ணு குடுத்திருக்கேன். இதே மாவில் மீந்ததை ஊத்தினது. மேலே ஒரு அலங்காரமும் கிடையாது, மொட்டை. அவருக்கு அது போதும்.

எங்கே கத்துக்கிட்டேனா? அதைக் கேட்காதீங்க. கேட்டுட்டீங்க, சொல்றேன்.

ஒரு பத்திரிகை. மாசம் ஒரு இதழ் தபாலில் வரும், கூடவே ஒரு சாமானும் வரும். சந்தா கட்டி வாங்கினேன். ரெண்டு வருஷம் முன்னால், ஷெரின் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்து, "அம்மா, நான் கூட வேலை பார்க்கிற ஒருத்தரை விரும்பறேன். சிவநேசன்னு பேரு. அவங்க சைவப் பிள்ளைமார்"னு சொன்னாள் பாருங்க, அந்த வாரம்தான் சந்தா கட்டினேன். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு வெகு நாளாவே ஆசை. எங்க வீட்டுக்காரர்தான் அதையும் இதையும் முடிச்சுப் போட்டு, "நீ பொண்ணு மேல கோவத்தை மாவுல காட்டற"ன்னார். அவருக்கு என்ன தெரியும்?

இங்கிலீஷ் பத்திரிகை. எனக்கு அது ஒரு பிரச்சினை இல்லை, நான் கான்வென்ட்டில் படிச்சவள். அட்டையில் ஒருத்தி சிரிப்பாள். டொரோத்தின்னு பேரு. வெள்ளை ஏப்ரன், அதில் ஒரு பொட்டு மாவு இருக்காது. சமையலறையில் நிற்கிறவள் ஏப்ரனில் கறை இல்லை என்றால் என்ன அர்த்தம்? வேலையை வேற யாரோ செய்யறாங்கன்னு அர்த்தம்.

முதல் இதழோட ஒரு நீளமான தட்டைக் கத்தி வந்தது, கிரீமைத் தடவ. சரி. ரெண்டாவது இதழில் ஐசிங் பாடம். சரி. மூணாவது இதழோட சுழல் தட்டுக்கு அடிப்பாகம் மட்டும் வந்தது. கேக்கை மேலே வைச்சுச் சுத்திக்கிட்டே தடவுவாங்களே, அந்தத் தட்டு. அடிப்பாகம் இங்கே, தட்டு எங்கே? போன் போட்டேன். "மேடம், அது பிறகு வரும் இதழ்ல வரும் மேடம்." எந்த இதழ்? "வரும் மேடம்." தட்டு வந்தது, கிறிஸ்மஸ் எல்லாம் முடிஞ்சு. ரெண்டுக்கும் நடுவில் சுழலறதுக்கு ஒரு வளையம் வேணும் இல்லையா, அது இன்னிக்கு வரைக்கும் வரலை. கடைசியில் எங்க வீட்டுக்காரர்தான் எனக்கு அந்த வளையம். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தட்டை ரெண்டு கையாலும் பிடிச்சுக்குவார். "திருப்புங்க, நிறுத்துங்க, ஐயோ அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம்!" ஒரு மனுஷன் ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறதில் எனக்குக் கிடைச்ச ஒரே லாபம் அதுதான்.

போனில் பார்த்துக் கத்துக்கலாமே என்கிறீங்களா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. எதிர் ஃப்ளாட் ஹேமலதா போனைப் பார்த்து ஒரு கேக் செய்தாள், குதிரைக்குக் கொம்பு வைச்ச மாதிரி ஒண்ணு. குதிரையா அது? காய்ச்சலில் படுத்த கழுதை. எனக்கு அப்படிக் கண்டபடி கத்துக்கப் பிடிக்காது. எங்க ஸ்கூலில் சிஸ்டர் பாஸ்கலின் இருந்தாங்க. ஒரு பாடம் முடிஞ்சு அவங்க வாயால் "நெக்ஸ்ட்" சொல்கிற வரைக்கும் அடுத்த பக்கத்தைப் புரட்டக் கூடாது. புரட்டினால் ஸ்கேல் விரல் முட்டியில் இறங்கும். முடிச்ச பாடத்தையும் திரும்பப் பார்க்க விட மாட்டாங்க. "அது தெரியாமலா இங்க வந்தே?"ம்பாங்க. இன்னிக்கும் நான் அப்படித்தான். முன்னால் புரட்ட மாட்டேன், பின்னாலும் புரட்ட மாட்டேன்.

ஐசிங்கில்தான் நான் பட்ட பாடு. முதலில் வெண்ணெயில் செய்யச் சொன்னாள். "அறை வெப்பநிலையில் வைக்கவும்" என்று போட்டிருந்தாள். யார் அறை? அவள் அறையா, என் அறையா? திருச்சியில் மே மாசம் என் அறையில் மனுஷனே நிற்க முடியலை, வெண்ணெய் நிற்குமா? பூவைப் பிழிஞ்சு வைச்சுட்டுக் காபி போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் பூ இல்லை, ஒரு குட்டை. ஃபேனைப் போட்டால் அது குட்டையிலேயே அலை அடிக்குது. அழுகையா வந்தது.

அப்புறம்தான் அந்த இன்னொரு முறை. ரெண்டாவது இதழிலேயே இருந்தது. வெறும் முட்டை வெள்ளை, சலிச்ச ஐசிங் சர்க்கரை, ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு. நுரைக்க நுரைக்க அடிக்கணும். காய்ஞ்சால் அப்படியே சிமெண்ட். எங்க வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு உரியும், என் ரோஜா உதிராது. அன்னிலேருந்து அதையே பிடிச்சுக்கிட்டேன். மஞ்சள் கருவெல்லாம் எங்க வீட்டுக்காரருக்கு ஆம்லெட். பாவம், சூரியகாந்திப் பூ மாதிரி ஒரு ஆம்லெட்டைத் தினமும் சாப்பிட்டார். "வெள்ளையே இல்லாத ஆம்லெட்டை எங்கயும் பார்த்ததில்லை"ன்னு சொல்லிக்கிட்டே சாப்பிட்டார்.

ரோஜா பிழிய ஒரு ஆணி வரும், தலை தட்டையா. அதை விரலில் உருட்டிக்கொண்டே ஒவ்வொரு இதழா வைக்கணும். என் முதல் ரோஜாவைப் பார்த்துட்டு அவர், "கோஸ் நல்லா வந்திருக்கு"ன்னார். ஒரு வாரம் அவரோட பேசலை. ஷெரினோடயா? அவளோட அப்பவே அதிகம் பேச்சில்லை. அவ பேச வரும்போதெல்லாம் என் கையில் ஐசிங் பை இருக்கும். அதை அழுத்தும்போது பேசக் கூடாதுங்க, கோடு நடுங்கும். "அம்மா, ஒரு நிமிஷம் கேளேன்"ம்பாள். "கோடு முடியட்டும்"பேன். முடிகிறதுக்குள்ள அவ ஆபீசுக்குக் கிளம்பிடுவாள். என்ன செய்யறது? பாடம்னா பாடம்தானே.

இருங்க, யாரது? பிரெட் ஆம்லெட்டா? வாங்கிக்கங்க, வாங்கிக்கங்க, பசியோட வருவாங்களா என்ன. ஆனால் ஒரு உபகாரம். அந்தப் பக்கம் திரும்பிச் சாப்பிடுங்க. கோவிச்சுக்காதீங்க, முட்டை வாசம் கேக்கில் ஏறிடும். எங்க சம்பந்தி வீட்டில் முட்டைன்னாலே ஆகாது. சுத்த சைவம்.

அதைத்தான் சொல்ல வந்தேன். கடைசியில் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஒத்துக்காம? ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நிற்கப் போறோம்னு சொன்னதும் ரெண்டு வீட்டிலும் தானா வழி பிறந்தது. ஆனால் பாருங்க, ரிசப்ஷன் அவங்க ஊரில். மண்டபம் அவங்க சொன்னது. சமையல்காரர் அவங்க சொன்னவர். புடவை அவங்க எடுத்தது. பாட்டுக்கச்சேரிகூட அவங்க மச்சினர் பையன். எங்க பக்கத்திலிருந்து அந்த மேடையில் என்ன இருக்கு? ஒரு பாட்டு இருக்கா, ஒரு ஜெபம் இருக்கா? ஷெரின் சொல்றாள், "நான் இருக்கேன்லம்மா." பேச்சைப் பாருங்க.

சம்பந்தியம்மா பேரு சங்கரவடிவு. அவங்க வாயால் சொன்னது ஒண்ணே ஒண்ணு. எங்க வீட்டுக்கு வந்தப்போ நான் செய்து வைச்ச ரோஜாவையெல்லாம் கண்ணாடி அலமாரியில் பார்த்தாங்க. பார்த்துட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "மதினி, உங்க முறைக்கு ஒரு கேக்கு வெட்டுங்க. நாங்க ஒண்ணுஞ் சொல்ல மாட்டோம். முட்டை மட்டும் விழாமப் பாத்துக்கிடுங்க. உங்க கையால செஞ்சதுன்னா மொதத் துண்டு நான்தான் திம்பேன். எங்க ஆளுக பாக்கட்டும்"னாங்க. எங்க ஆளுக பாக்கட்டும்னு சொன்னாங்களே, அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? அங்கே இன்னும் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிற சொந்தக்காரங்க நிறைய பேர். அவங்க முன்னால், கிறிஸ்தவ வீட்டு அம்மா செய்த கேக்கை எடுத்து முதலில் வாயில் போடப் போறாங்க அந்த மனுஷி. நாளைக்கு என் பொண்ணு அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்கணும்னா அந்த ஒரு துண்டு போதும். அதனால்தான் இந்தப் பெட்டியை இப்படிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வர்றேன்.

ஷெரின் என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, மேல ஒண்ணும் போடாத. கிறிஸ்மஸுக்குச் செய்வியே, அந்தச் சாதா கேக், அதையே முட்டையில்லாம செஞ்சிடு. மேல நாலு மல்லிப்பூ வைச்சா போதும்." சாதா கேக்! மல்லிப்பூ! இதுக்கா நான் ரெண்டு வருஷம் அந்த டொரோத்தியோட மல்லுக்கட்டினேன்? மொட்டைக் கேக்கையா மேடையில் வைப்பாங்க? "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு"ன்னேன். அப்புறம் மூணு தடவை போன் பண்ணினாள். "அம்மா, முட்டை, முட்டை, மறந்துடாதே." நான் என்ன குழந்தையா?

முட்டையில்லாத கேக்குக்குன்னே ஒரு இதழ் வந்தது, ஆண்டவர் கிருபை. அதுதான் கடைசி இதழ். அதோட பத்திரிகையே நின்னு போச்சு, ஒரு கடுதாசி இல்லை, ஒரு வருத்தம் தெரிவிக்கலை. பின் அட்டையில் அடுத்த மாதம் ஐசிங் என்று போட்டிருந்தது. மறுபடியும் ஐசிங்கா? தலைகீழா நின்னு செய்வேனே நான் அதை! போகட்டும்னு விட்டுட்டேன்.

எவ்வளவு சுத்தமா செய்தேன் தெரியுமா? புது டின். புதுப் பாத்திரம். மாவு கலக்கப் புது மத்து. கண்டென்ஸ்டு மில்க், தயிர், சோடா உப்பு. எங்க வீட்டுக்காரர் ஆம்லெட் போடுகிற வாணலியைப் பால்கனியில் கொண்டு போய் வைச்சுட்டேன். ரெண்டு நாள் அவருக்கு இட்லி. அடுப்பை டெட்டால் போட்டுத் துடைச்சேன். அந்த வீட்டுப் பூஜையறைக்குள்ளேயே கொண்டு போய் வைக்கலாம், அப்படி ஒரு சுத்தம். அது வெந்து ஆறினதுக்கு அப்புறம் ஜாம் தடவி, வெள்ளை ஐசிங் போட்டு, சுத்தி மணி மணியா பார்டர் வைச்சு, மேலே ரோஜா. அடுக்கடுக்கா ரோஜா. பார்க்கறீங்களா? கையைத் துடைச்சுக்கங்க. தொடாதீங்க, பார்க்க மட்டும்.

எப்படி? சொல்லுங்க. கோஸ் மாதிரியா இருக்கு?

என்ன கேட்டீங்க? முட்டையில்லாமல் இந்த ஐசிங் எப்படி இவ்வளவு கெட்டியா நிக்குதுன்னா? ஏங்க, இவ்வளவு நேரம் என்ன கேட்டுக்கிட்டு வந்தீங்க? சொன்னேன் இல்லையா, முட்டை வெள்ளையை நல்லா நுரைக்க அடிச்சு...

...

ஒரு நிமிஷம் பேசாம இருங்க. நீங்க பேசலை, தெரியும். இருந்தாலும் பேசாம இருங்க.

இது எந்த ஸ்டேஷன்? கோவில்பட்டி தாண்டியாச்சா?

கேக்கில் இல்லைங்க. கேக்கில் ஒரு துளிகூட இல்லை. நான் அவ்வளவு சுத்தமா... ஐசிங் கேக் இல்லையே. அது வேற பாடம். அது ரெண்டாவது இதழ், இது கடைசி இதழ். ரெண்டு வருஷமா தினமும் அடிக்கிறேன், கை தானாப் போகுது. உடைக்கிறேன், பிரிக்கிறேன், அடிக்கிறேன். பல் தேய்க்கிற மாதிரி. பல் தேய்க்கும்போது யோசிப்பீங்களா?

அந்த டொரோத்தி! ஒரு வரி போட்டால் என்ன? "முட்டை சாப்பிடாதவர்களுக்கு இது ஆகாது" என்று ஒரு வரி. ஏப்ரனை இஸ்திரி போடத் தெரியுது.

பார்த்தால் தெரியாது, இல்லை? வாசமும் இல்லை. எலுமிச்சைதான் தூக்கலா வருது. திருநெல்வேலியில் யாருக்குத் தெரியப் போகுது? எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். நீங்க எங்கே இறங்கறீங்க? திருநெல்வேலியா? அங்கே எந்தத் தெரு? சங்கரவடிவு அம்மாவைத் தெரியாதே உங்களுக்கு?

அப்படிப் பார்க்காதீங்க. சும்மா கேட்டேன். அந்த மனுஷி, "மொதத் துண்டு நான்தான் திம்பேன்"னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. அவங்க வாயில் நான் இதைப் போடுவேனா? சொந்தக்காரங்க அத்தனை பேரும் பார்த்துக்கிட்டிருக்கும்போது?

சுரண்டிடலாமா? கீழே ஜாம் இருக்கு, ஐசிங் ஏடு ஏடாக் கழண்டு வந்துடும். ஆனால் பட்டது பட்டதுதானே. அவங்க வீட்டில் கரண்டி பட்டாலே கழுவி வைப்பாங்களாம். இல்லை, வேண்டாம். ஸ்டேஷனுக்கே வர்றேன்னு சொல்லியிருக்காங்க. பிளாட்பாரத்தில் நிற்பாங்க. "எங்க மதினி கேக்கு?"ன்னு கேட்பாங்க...

டப்பா! ஐயோ, அந்த டப்பா! போன் எங்கே? கேக்கைப் பிடிங்க. ரெண்டு கையாலும் பிடிங்க, அப்படி இல்லை, அடியில்.

ஹலோ. நான்தான். அந்தச் சில்வர் டப்பா எங்கே? மடியிலயா? திறந்தீங்களா? ... ஒரு ஓரம்னா எவ்வளவு ஓரம்? ... பக்கத்து சீட்டுக்காரருக்கு எதுக்குக் குடுத்தீங்க, அவர் கேட்டாரா? ... அவருக்குப் பிடிச்சிருந்ததா, ரொம்ப சந்தோஷம், மூடுங்க. மூடுங்கன்னு சொல்றேன். மூடி மேல கையை வைச்சுக்கிட்டு உட்காருங்க. இறங்கற வரைக்கும் எடுக்கக் கூடாது. ... ஏன்னா நான் சொல்றேன், அதான் ஏன். ... ஹலோ? ஹலோ?

கட் ஆயிடுச்சு. எப்பவும் ரெண்டு தடவை கேள்வி கேட்பார்னு சொன்னேன் இல்லையா. ஆனால் மூடிடுவார். தட்டைப் பிடிச்சுப் பிடிச்சுப் பழகின கை.

கால்வாசி போச்சாம். பரவாயில்லை. பிட்டு எடுத்த இடத்தை வெட்டித் தள்ளிட்டு, ஒழுங்குபடுத்தி வட்டமாக்கிடலாம். கூடக் கொண்டு வந்த இந்தக் கத்தி வேண்டாம், இது ஐசிங்கில் புரண்ட கத்தி. சம்பந்தி வீட்டுக் கத்தியையே கேட்டு வாங்கிக்கறேன். சின்னதாத்தான் இருக்கும், மேடையில் வைச்சால் தேங்காய் மூடி மாதிரி தெரியும். சுத்தி மல்லிப்பூ வைச்சால் கொஞ்சம் பெரிசாத் தெரியும். இல்லை? அப்படியே நாலு பூ மேலேயும் வைச்சுடலாம். சம்பந்தி என்ன இதுன்னு கேட்டால், ஷெரின் ஆசைப்பட்டுக் கேட்டாள், அதனால் சாதா கேக் செய்தேன்னு சொல்லிடுவேன். பொய் இல்லையே? கேட்டாளே!

அவ என்ன சொல்வாள்னு எனக்கு இப்பவே தெரியும். ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாள். கட்டிப் பிடிச்சுக்குவாள். "இதைத்தானம்மா நான் கேட்டேன்"ம்பாள். கண்ணெல்லாம் கலங்கி வேற நிப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

சரி, மணியாச்சி வரப்போகுது. திருநெல்வேலியில் ரயில் நிக்கறதுக்குள்ள இந்தப் பெட்டி காலியாகணும். அவங்க கண்ணில் இது படக் கூடாது. நீங்க முட்டை சாப்பிடறவங்கதானே, நல்லதாப் போச்சு. அந்தத் தட்டைக் கீழே போடாதீங்க, நீட்டுங்க. இன்னும் பெரிய துண்டா. வெட்கப்படாதீங்க, கேள்வி கேட்டது நீங்கதானே, சாப்பிட வேண்டியதும் நீங்கதான். ஏங்க, முன் சீட்டு சார், கொஞ்சம் திரும்புங்க. கல்யாண கேக், எடுத்துக்கங்க. உங்க குழந்தைக்கும். டிடிஆர் வந்தால் அவருக்கும் ஒண்ணு வைச்சிருங்க.

அந்தப் பெரிய ரோஜா உங்களுக்கு. நடுவில் வைக்கணும்னு தனியாச் செய்தது. விரிஞ்ச இதழ் ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது பாருங்க, டொரோத்தி செய்தது இந்த மாதிரி நிக்கலை. மென்னுங்க, கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும். என்ன, எப்படி இருக்கு?

முட்டை வாசமே வரலை, இல்லை?